வைத்த இடத்தில் இருத்தல்: கம்பியில்லா மின்னேற்றத்தின் ஒரு கிளைக்கதை

தேரின் அழகைப் பாடியவர்கள் பலர். அச்சாணியை நினைத்துப் பார்த்தவர்கள் சிலர். கருவிகளின் வரலாற்றை எழுதுவோரிடமும் இவ்வழக்கம் உண்டு. நீராவி எந்திரத்தைப் பற்றியும் மின்விளக்கைப் பற்றியும் அடுக்கடுக்காக நூல்கள் கிடைக்கின்றன. கொக்கி, தாழ்ப்பாள், திருகாணி ஆகியவற்றைப் பற்றித் தேடினால் அகப்படுவது கொஞ்சமே. ஒரு பொருளை வைத்த இடத்தில் நிற்கவைப்பது என்னும் வேலை, ஒழுங்காக நடக்கும் வரையில் யார் கண்ணிலும் படாது. நடக்காமல் போகும் அன்றுதான் அதற்கென்று ஒரு வரலாறு உண்டா என்று கேட்கத் தோன்றும்.

கம்பியில்லா மின்னேற்றி நம்மை அப்படிக் கேட்கவைக்கும் ஒரு கருவி. தட்டையான ஒரு பலகை. அதன்மேல் கைபேசியைக் கிடத்தினால் மின்கலம் நிரம்பும். எந்தத் துளையிலும் எதையும் செருக வேண்டியதில்லை. ஆயினும் இதைப் பயன்படுத்தியவர்களில் பலர் ஒரு காலைப்பொழுதையாவது வெற்று மின்கலத்தோடு தொடங்கியிருப்பர். இரவில் வைத்தது சரியாகத்தான் இருந்திருக்கும். நள்ளிரவில் வந்த குறுஞ்செய்தி ஒன்றுக்குக் கைபேசி அதிர்ந்து, வழவழப்பான கண்ணாடி முதுகு அரை விரற்கடை நகர்ந்து, மின்னேற்றம் நின்றுபோயிருக்கும். விடியற்காலைப் பேருந்துக்காக அலாரம் வைத்தவருக்கும், மருத்துவமனையில் இருக்கும் உறவினரிடமிருந்து அழைப்பை எதிர்நோக்கியவருக்கும் அந்த அரை விரற்கடை சிறிய அளவு அன்று.

அந்த அரை விரற்கடையின் வரலாற்றையே இங்கே தொகுத்துப் பார்க்கிறோம். கம்பி என்று நாம் சொல்லும் பொருள் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது. மின்சாரத்தைக் கொண்டுவருவது ஒன்று. இரு கருவிகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துவைப்பது மற்றொன்று. முதல் வேலைக்குப் பெயரும் புகழும் இருந்தன. இரண்டாவது வேலையை எவரும் வேலையாகவே எண்ணவில்லை. கம்பியை நீக்க முனைந்தவர்கள் முதலாவதற்கு மாற்று கண்டதும் காரியம் முடிந்தது என்று கருதினார்கள். இரண்டாவது வேலை ஆளின்றி நின்றது. அதற்கு ஆள் தேடியதே இக்கதை.

*

பாடநூல்களில் கதை 1831-இல் தொடங்கும். அவ்வாண்டு ஆகஸ்டு 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு தேனிரும்பு வளையத்தை வைத்துச் சோதனை செய்தார். வளையத்தின் ஒரு பாதியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள், மறுபாதியில் இன்னொன்று. முதற்சுருளை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், இரண்டாம் சுருளுக்கு அருகிலிருந்த காந்த ஊசி துடித்தது. துண்டித்த கணத்தில் மறுபடியும் துடித்தது. ஒரு சுருளிலிருந்து மற்றதற்கு மின்சாரம் நேரே செல்ல வழி கிடையாது. மாறும் காந்தப்புலமே அந்த வேலையைச் செய்தது. மின்காந்தத் தூண்டல் என்று அதற்குப் பெயர் வந்தது.

இதில் ஒரு சிறு செய்தியை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். இரண்டு சுருள்களும் ஒரே இரும்பு வளையத்தின்மேல் இறுகச் சுற்றப்பட்டிருந்தன. அவை விலகிப்போக இடமே இல்லை. வளையம் காந்தப்புலத்துக்குப் பாதையாகவும் இருந்தது. சுருள்களைக் கட்டிவைக்கும் தறியாகவும் இருந்தது. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றிக்குள் இன்றும் அதே ஏற்பாடுதான்.

மின்னேற்றப் பலகை, அந்த வளையத்தை இரண்டாக அறுத்து ஒரு பாதியை மேசையிலும் மறுபாதியைச் சட்டைப்பையிலும் வைத்ததற்கு ஒப்பானது. பலகைக்குள் ஒரு தட்டைச் சுருள். கைபேசியின் முதுகுக்குள் மற்றொரு தட்டைச் சுருள். பலகையின் சுருளில் நொடிக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மின்னோட்டம் திசைமாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் கைபேசியின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டு வட்டங்களும் முழுக் கிரகணத்தில் கதிரும் மதியும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருந்தால் புலத்தின் பெரும்பங்கு போய்ச் சேரும். பகுதிக் கிரகணமானால் பெரும்பங்கு வீணாகச் சிதறும்.

ஆகவே இங்கே நெருக்கம் மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும். நேர்மை என்ற சொல்லை அதன் முதற்பொருளில், நேராக இருத்தல் என்ற பொருளிலேயே ஆள்கிறோம். நேர்மை தவறினால் நடப்பது இது: தனக்கு வருவது போதவில்லை என்று கைபேசி பலகைக்குச் செய்தி அனுப்பும். அச்செய்தியும் அதே சுருள்கள் வழியாகத்தான் போகிறது. பலகை மின்னோட்டத்தைக் கூட்டும். கூட்டியதில் ஒரு பங்கு மின்கலத்துக்குச் செல்ல, மீதி சுருளையும் சுற்றியுள்ள உலோகத்தையும் சூடாக்கும். விலகல் எல்லை கடந்தால் இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தையே அறுந்து மின்னேற்றம் நின்றுவிடும்.

இந்தச் சூட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கம்பி வழியே மின்னேற்றிய கைபேசியின் சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. பலகையில் நேராக வைத்தது 30.5 டிகிரியைத் தொட்டுப் பிறகு மெல்லத் தணிந்தது. விலக்கி வைத்ததும் ஏறக்குறைய அதே உச்சத்தைத் தொட்டது. ஆனால் விரைவாகத் தொட்டது, இறங்கவும் மறுத்தது. நேராக வைத்தது அந்த வெப்பநிலையில் 55 நிமிடம் இருந்தது. விலகியது 125 நிமிடம் இருந்தது. லித்தியம் அயனி மின்கலத்துக்குச் சூடு விரைவில் மூப்பைக் கொண்டுவரும். எனவே விலகி வைத்ததன் விலை, காலையில் பாதி நிரம்பிய மின்கலத்தோடு முடிவதில்லை. மின்கலத்தின் ஆயுட்கணக்கிலும் அது பற்று எழுதிக்கொண்டே போகிறது.

*

கம்பியை அறுக்கும் கனவு பழையது. பிரெஞ்சுப் பொறியாளர்களான மோரிஸ் ஹூட்டானும் மோரிஸ் லெப்லாங்கும் ஓடும் ரயிலுக்குத் தூண்டல் முறையில் மின்சாரம் அளிக்கும் திட்டத்துக்கு 1894-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். நிகோலா டெஸ்லா 1901-இல் நியூயார்க்கின் லாங் தீவில் ஒரு பெருங்கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார். உலகின் எந்த மூலைக்கும் கம்பியின்றி மின்சாரம் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். பணம் கொடுத்துவந்தவர்கள் கைவிட்டார்கள். 1917-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. தொலைவை வெல்வதே குறிக்கோளாக இருந்த அந்தக் காலத்தில், அரை விரற்கடை விலகலைப் பற்றி எவரும் கவலைப்பட்டிருக்க முடியாது.

கனவு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் குளியலறைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அது பயன்பட்டது. மின் பல்துலக்கி ஈரத்தில் புழங்கும் கருவி. உலோக முனைகள் வெளியே தெரிந்தால் துருப்பிடிக்கும், மின்தாக்கும் அபாயமும் உண்டு. எனவே கருவியையும் தாங்கியையும் நெகிழியால் முழுக்க மூடி, தூண்டல் வழியே மின்னேற்றினார்கள். தாங்கியின் நடுவே ஒரு சிறு முளை. பல்துலக்கியின் அடியில் ஒரு குழி. ஆட்டுக்கல்லின் குழியில் குழவி நிற்பதுபோல் கருவி தானாக நேராக நிற்கும். தூக்கக் கலக்கத்தில் வைத்தாலும் பிழைபட வழியில்லை. இந்த எளிய முளையை நாம் வணங்கத்தான் வேண்டும். கம்பியின் இரண்டாம் வேலையை யாரும் சொல்லாமலே அது எடுத்துக்கொண்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் வெளியிட்ட ஈவி1 என்ற மின்காரும் தூண்டல் முறையிலேயே மின்னேறியது. துடுப்புப் போன்ற தட்டையான நெகிழிப் பட்டை ஒன்றைக் காரின் முன்புறப் பிளவுக்குள் செருக வேண்டும். உலோகத்தோடு உலோகம் தொடாது. ஆனால் செருகும் செயல் அப்படியே இருந்தது. கம்பியும் இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2001-இல் நேரடித் தொடர்பு முறையைத் தரமாகத் தேர்ந்தபின் துடுப்பு வழக்கொழிந்தது.

இவ்விரண்டு கருவிகளிலும் பொதுவான ஒன்றைக் காணலாம். முளை, பிளவு என்று உருவத்திலேயே இடம் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த உருவத்தைத் துறந்து, வெறும் தட்டைப் பரப்பின்மேல் எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆசைப்பட்டபோதுதான் தொல்லை தொடங்கியது.

*

அந்த ஆசை 2000-க்குப் பிந்தியது. கேம்பிரிட்ஜில் 2001-இல் தொடங்கிய ஸ்பிளாஷ்பவர் என்ற நிறுவனம், கைபேசியையும் பிற சிறு கருவிகளையும் ஒரே பலகையில் விருப்பம்போல் போட்டு மின்னேற்றும் திட்டத்தோடு வந்தது. வணிகத்தில் காலூன்றாமலே 2008-இல் நொடித்தது. 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் மாரின் சொல்யாச்சிச் தலைமையிலான குழு, இரண்டு மீட்டர் தொலைவிலிருந்த 60 வாட் விளக்கைக் கம்பியின்றி எரியவைத்தது. மின்கலம் தீர்ந்து இரவில் கூவி எழுப்பிய கைபேசியே தம்மை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது என்று அவர் சொல்லியிருக்கிறார். அனுப்பிய ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காடே விளக்கைச் சேர்ந்தது. இடச் சுதந்திரத்துக்குச் செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்பதை அந்த எண் நமக்குச் சொல்கிறது.

கைபேசி உலகில் இந்தக் கேள்விக்குச் சரியான விடையை முதலில் தந்தது, இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு நிறுவனம். பாம் நிறுவனம் 2009 ஜனவரியில் தன் 'பிரீ' கைபேசியோடு 'டச்ஸ்டோன்' என்ற மின்னேற்றியையும் அறிவித்தது. உருளையைச் சாய்வாக வெட்டியதுபோன்ற ஒரு சிறு மேடை, அதற்குள் காந்தங்கள். கைபேசியின் பின்மூடியில் அவற்றுக்கு ஈடான உலோகத் துண்டுகள். அருகே கொண்டுபோனால் கைபேசி தானே போய் உரிய இடத்தில் அமர்ந்துகொள்ளும். சாய்ந்த மேடையிலிருந்து விழாது. மேடையில் இருக்கையில் அழைப்பு வந்து எடுத்தால் ஒலிபெருக்கியில் பேசும். கையில் தூக்கினால் காதுக்குரிய ஒலிக்கு மாறும். பாம் நிறுவனத்தை ஹியூலெட் பேக்கார்டு 2010-இல் 120 கோடி டாலருக்கு வாங்கி, 2011 ஆகஸ்டில் அந்தக் கைபேசி வரிசையையே நிறுத்தியது. நல்ல விடை ஒன்று தவறான வீட்டில் பிறந்ததால் பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது.

இதற்கிடையே பல நிறுவனங்கள் கூடி 2008 டிசம்பரில் கம்பியில்லா மின்னாற்றல் கூட்டமைப்பை நிறுவின. அது வகுத்த தரத்தின் முதற்பதிப்பு 2010-இல் வந்தது. 'ச்சீ' என்று அதற்குப் பெயர். சீன மொழியில் உயிராற்றல் என்று பொருள். தமிழ்க் காதுக்கு இச்சொல் வேறு பொருளில் ஒலிக்கும். மின்னேறாத கைபேசியைக் கையில் எடுக்கும் காலையில் அந்தப் பொருளும் பொருந்தவே செய்யும்.

இரண்டாம் வேலைக்கு யார் பொறுப்பு என்பதில் அந்தத் தரம் மூன்று வழிகளைத் திறந்து வைத்தது. பலகையின் நடுவே ஒரு காந்தத்தை வைத்துக் கைபேசியை வழிநடத்துவது ஒன்று. கைபேசி எங்கே கிடக்கிறதோ அதைத் தேடிப் பலகைக்குள் சுருளே நகர்ந்து செல்வது இரண்டு. பல சுருள்களைப் பரப்பிவைத்து, கைபேசிக்கு நேர்கீழே இருப்பதை மட்டும் இயக்குவது மூன்று. இரண்டாம் வழியில் பானசோனிக் நிறுவனம் ஜப்பானில் பலகைகளை விற்றது. கைபேசியை வைத்ததும் உள்ளே சுருள் ஊர்ந்து வந்து அடியில் நிற்கும். அதே ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 2011-இல் இம்முறையை அறிமுகப்படுத்தியபோது இட்ட பெயருக்கு 'வைத்தாலே போதும்' என்று பொருள். வைத்தாலே போதும் என்பதை உண்மையாக்கப் பலகைக்குள் ஓர் எந்திரமே ஓடவேண்டியிருந்தது.

மூன்று வழிகளில் எதுவும் கட்டாயமாக்கப்படவில்லை. விளைவை நாம் எளிதில் ஊகிக்கலாம். நகரும் சுருளுக்கு விலை கூடுதல். பல சுருள்களுக்கும் அப்படியே. நடுக்காந்தமோ, சுருளுக்குப் பின்னே காந்தப்புலத்தைத் தடுத்து வழிப்படுத்தும் ஃபெரைட் தகட்டின் திறனைக் குறைத்தது. எனவே கடைகளை நிரப்பியவை ஒற்றைச் சுருளும் வழுக்கும் பரப்பும் கொண்ட மலிவான பலகைகள். நேராக வைக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் வாங்கியவர் தலையில் விழுந்தது.

*

அடுத்த பத்தாண்டு, அந்தப் பொறுப்பை மக்கள் எப்படியெல்லாம் சுமந்தார்கள் என்பதன் வரலாறு. நோக்கியா 2012-இல் லூமியா 920-ஐ வெளியிட்டபோது மின்னேற்றத் தலையணை ஒன்றையும் சேர்த்துக் காட்டியது. மெத்தென்ற துணி கைபேசியை வழுக்கவிடாது. கூகுள் 2013-இல் நெக்சஸ் 5-உடன் விற்ற சதுரப் பலகையில் காந்தங்கள் இருந்தன. ஆனால் அந்த நெறி பிறரிடம் பரவவில்லை. பலகையின்மேல் ரப்பர் வளையம் ஒட்டினார்கள். நிமிர்ந்த தாங்கிகள் வந்தன. அவற்றில் கைபேசி கீழ்விளிம்பில் அமர்ந்து பின்னே சாய்ந்துகொள்வதால், மேல்கீழ் விலகலைப் புவியீர்ப்பே பார்த்துக்கொண்டது. 2015-இல் ஐக்கியா நிறுவனம் விளக்குகளிலும் மேசைகளிலும் மின்னேற்றிகளைப் பதித்து, வைக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறியிட்டது. நெற்றியில் பொட்டு இடுவதுபோல் மரப்பலகைக்கு இட்ட அந்தக் குறி, 'எங்கே வேண்டுமானாலும்' என்ற பழைய வாக்குறுதி 'இங்கே மட்டும்' என்று சுருங்கிவிட்டதற்கு ஒப்புதல் வாக்குமூலம்.

கார்களில் நிலைமை இன்னும் கடினம். டொயோட்டா அவலான் 2013-இல் இத்தரத்தில் அமைந்த மின்னேற்றியோடு வந்தது. மேசையில் அதிர்வு மட்டுமே பகைவன். காரில் ஒவ்வொரு திருப்பமும், தடைமிதியை அழுத்தும் ஒவ்வொரு கணமும் பகைவன். அதனால் காரில் வரும் பலகைகள் ரப்பர் விரிப்போடும் சுற்றுச்சுவரோடும் தொட்டி போலாயின. முளையும் குழியும் வேறு உருவில் திரும்பி வந்தன எனலாம்.

தட்டைப் பரப்பின் கனவுக்குக் கடைசிப் பெருமுயற்சி ஆப்பிள் நிறுவனத்துடையது. 2017 செப்டம்பர் 12 அன்று தன் கைபேசிகளில் கம்பியில்லா மின்னேற்றத்தை அறிமுகப்படுத்திய அதே மேடையில், 'ஏர்பவர்' என்ற பலகையையும் காட்டியது. கைபேசி, கைக்கடிகாரம், காதொலிப்பான் மூன்றையும் எங்கே போட்டாலும் மின்னேறும் என்றது. அதற்குப் பல சுருள்கள் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். சூட்டைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு என்று செய்திகள் வந்தன. 2019 மார்ச் 29 அன்று, தங்கள் தரத்துக்கு அதைக் கொண்டுவர இயலவில்லை என்று அறிவித்து நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லாத இடத்தில் நேர்ந்த தோல்வி இது. இடச் சுதந்திரமும் சிக்கனமும் ஒரே பலகையில் குடியிருப்பது எளிதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

*

விடை அதே நிறுவனத்தின் பழைய பெட்டியொன்றில் கிடந்தது. 2006-இல் ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கு 'மேக்சேஃப்' என்ற காந்த இணைப்பைத் தந்திருந்தது. ஜப்பானிய வெந்நீர்ப் பானைகளில் கம்பி காந்தத்தால் ஒட்டியிருக்கும். யாராவது தடுக்கினால் கம்பி மட்டும் கழன்றுவிடும், கொதிநீர் கொட்டாது. அவ்வழக்கத்தையொட்டி அமைந்தது இது. ஆக, அங்கே காந்தம் வந்தது எளிதில் பிரிவதற்காக. கைக்கடிகாரத்தின் மின்னேற்றியில் 2015-இல் அது விலகாமல் சேர்ந்திருப்பதற்காக வந்தது. 2020 அக்டோபரில் ஐஃபோன் 12-இன் முதுகுக்குள் அதே பெயரோடு காந்தத் துண்டுகளாலான ஒரு வளையமாகப் புகுந்தது. சுருளைச் சுற்றி வளையம். வளையத்துக்குக் கீழே கைபேசி சுழன்றுவிடாமல் நிறுத்த ஒரு சிறு காந்தக் கோடு. மையத்தை அடைக்காமல் சுற்றிலும் நின்றதால் பழைய நடுக்காந்தத்தின் குறையையும் இது தவிர்த்தது. ஆப்பிள் கைபேசிகள் சாதாரணப் பலகையில் 7.5 வாட் வரை பெற்றுவந்தன. இந்த வளையத்தோடு 15 வாட் பெற்றன. நேராக நிற்கும் என்ற உறுதி இருந்ததால்தான் வேகத்தைக் கூட்ட முடிந்தது.

மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இறைவன் முன்னே உயிர் இயங்குவதைக் காந்தத்தின் முன்னே இரும்பு இயங்குவதோடு ஒப்பிட்டது நம் வாசகர்கள் அறிந்ததே. அங்கே காந்தத்தின் வேலை இயக்குவது. இங்கே அதன் வேலை இயங்கவிடாமல் நிறுத்துவது. தொடாமலே இழுக்கும் ஆற்றல் ஒன்றுதான். நாம் அதனிடம் கேட்பது மாறியிருக்கிறது.

இத்தனை மெல்லிய வளையம் இத்தனை இறுக்கமாகப் பிடிப்பதற்கு, 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் காரணம். நியோடிமியம் அருமண் தனிமங்களுள் ஒன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் அது உண்டு. எனினும் உலகின் காந்த உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சில அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் அந்நாடு ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது, பல நாட்டுத் தொழிற்சாலைகள் கலங்கின. முளையும் குழியும் எந்த நாட்டின் அனுமதிக்கும் காத்திருந்ததில்லை.

காந்தத்துக்கு வேறொரு விலையும் இருந்தது. இதயத்துடிப்பைக் காக்க மார்பில் பொருத்தும் கருவிகள் சில, மருத்துவர் வேண்டும்போது நிறுத்திவைப்பதற்காக, வலிய காந்தத்துக்குக் கட்டுப்படும்படி அமைக்கப்பட்டவை. ஐஃபோன் 12-ஐ நோயாளியின் மார்பருகே கொண்டுசென்றபோது அத்தகைய கருவி ஒன்று தன் காவலை நிறுத்திக்கொண்டதை மிச்சிகன் மாநில மருத்துவர்கள் 2021-இன் தொடக்கத்தில் மருத்துவ இதழொன்றில் பதிவுசெய்தனர். இத்தகைய கருவிகளிலிருந்து கைபேசியையும் மின்னேற்றியையும் 15 சென்டிமீட்டருக்கு அப்பாலும், கம்பியின்றி மின்னேறும்போது 30 சென்டிமீட்டருக்கு அப்பாலும் வைக்குமாறு ஆப்பிள் அறிவுறுத்துகிறது. கைபேசியைச் சட்டையின் இடப்பைக்குள் போடுவது பலருக்குக் கைவந்த பழக்கம். மேசையில் கைபேசியைக் காத்துநிற்கும் அதே வளையம், அந்தப் பைக்கு நேர் உள்ளே துடிப்பைக் காத்துநிற்கும் கருவியை உறங்கச்செய்யக்கூடும். வீட்டில் இத்தகைய கருவி பொருத்தியவர் இருப்பின் இந்தச் செய்தியை அவரிடம் சொல்வது நம் கடமை.

*

2023 ஜனவரியில் கூட்டமைப்பு தன் தரத்தின் இரண்டாம் பதிப்பை அறிவித்தது. ஆப்பிள் கொடுத்த காந்த வளைய அமைப்பே அதன் அடிப்படை. அவ்வாண்டின் இறுதி முதல் அத்தரத்துக்குச் சான்று பெற்ற கருவிகள் கடைக்கு வந்தன. 2025-இல் 25 வாட் வரை ஏற்றும் அடுத்த படியும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட பிக்சல் 10 வரிசையில் வளையம் கைபேசிக்குள்ளேயே இருந்தது. ஒரு நிறுவனம் தனக்கென வகுத்ததை எல்லாருக்கும் பொதுவாக்கியது நல்லதே. ஆனால் 2010-இல் மூன்று வழிகள் திறந்திருந்தும் எதையும் கட்டாயமாக்காமல் விட்டதால்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விற்ற பலகைகள் பெட்டிக்கு வெளியே அழகாக இருந்தன. நேராக வைக்காவிட்டால் சூடாகும் என்ற குறிப்பு, இருந்தால், பெட்டிக்குள் பொடியெழுத்தில் இருந்தது.

பொதுவாக்கிய பிறகும் கதவு முழுக்கத் திறந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்சி எஸ்25 வரிசை, புதிய தரத்துக்கு 'ஆயத்தம்' என்ற அடைமொழியோடு வந்தது; கைபேசிக்குள் காந்தம் கிடையாது, காந்தம் பதித்த உறையைத் தனியே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் ஆப்பிள் தன் வரிசையில் விலை குறைந்ததாக வெளியிட்ட ஐஃபோன் 16இ கம்பியின்றி மின்னேறியது. வளையம் மட்டும் இல்லை. கம்பியின் முதல் வேலையை எல்லாருக்கும் தந்துவிட்டு, இரண்டாம் வேலையை விலைப்பட்டியலின் மேல்வரிசைக்கு ஒதுக்கிய செயல் என்றே இதைக் கருதத் தோன்றுகிறது. இத்தனைக்கும் மின்னாற்றலை வீணாக்குவதும் மின்கலத்தை மூப்படையச் செய்வதும் அந்த இரண்டாம் வேலை நடக்காமல் போவதுதான். ஒரு கைபேசியைக் கூடுதலாக இரண்டாண்டு வைத்திருக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கே நேராக நிற்கும் மின்னேற்றம் மிகுதியும் தேவை.

இந்த இடைவெளியை மக்கள் தங்கள் வழியில் நிரப்பிக்கொள்கிறார்கள். கைபேசிக் கடைகளில் இப்போது ஒட்டுவளையங்கள் கிடைக்கின்றன. மெல்லிய உலோக வளையம், பின்னே பசை. கைபேசியின் முதுகிலோ உறையிலோ ஒட்டிக்கொண்டால் காந்தப் பலகையில் அது நிற்கும். சில பொட்டலங்களில் வளையத்தோடு ஒரு தாள் அச்சும் இருக்கும். அந்த அச்சைக் கைபேசியின் விளிம்போடு பொருத்தி, வெட்டிய வட்டத்துக்குள் வளையத்தை ஒட்ட வேண்டும். வளையத்தைவிட அந்தத் தாளே முக்கியம். அதைத் தூர எறிந்துவிட்டுக் கண்மதிப்பில் ஒட்டினால், காந்தம் கைபேசியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், தவறான இடத்தில்.